மொரீஷியஸில் போய்த் தங்கலாமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பியதிலிருந்து, கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் என்னிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஐ.டி. படித்த பிள்ளைகள், அங்கே ஜவுளி ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர்கள், பணி ஓய்வு பெற்றுவிட்டுக் கடலோரம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். அந்நாட்டு பட்ஜெட் வரும்போதெல்லாம் சம்பள வரம்பு, கட்டணம் போன்றவை மாறும். அதனால் மாறக்கூடிய எண்களைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன்.

மொரீஷியஸ் எங்க இருக்கு? மாலத்தீவு பக்கத்துலயா?

இல்லை. மாலத்தீவு நமக்குப் பக்கம். மொரீஷியஸ் இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். முதன்மைத் தீவின் பரப்பு ஏறக்குறைய 1,865 சதுர கிலோமீட்டர். நாட்டின் மக்கள்தொகை பன்னிரண்டரை லட்சம் அளவுதான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1810-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1968 மார்ச் 12-இல் விடுதலை பெற்ற நாடு. தலைநகரம் போர்ட் லூயி.

விசா இல்லாமலே போலாமாமே. போயிட்டு அங்கயே வேலை தேடிக்கலாமா அண்ணே?

கூடாது. இந்தியர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்காமல் போகலாம் என்பது உண்மை. திரும்பி வர டிக்கெட், தங்குமிடத்துக்கு ஆதாரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆனால் அந்த அனுமதி ஊர் சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்தால் சட்டப்படி குற்றம். மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த முறை உள்ளே விடவும் மாட்டார்கள். "முதல்ல வந்து சேரு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்போ எந்த பெர்மிட்டுதான் வாங்கணும்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆலை வேலை, கட்டட வேலை, ஓட்டல் சமையல் வேலை மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் ஒர்க் பெர்மிட். அதை நீங்கள் வாங்க முடியாது. அங்கே இருக்கும் முதலாளி தொழிலாளர் துறையில் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகுதான் நீங்கள் விமானம் ஏற வேண்டும். தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட் அதோடு தனியாக வரும்.

கணினி, கணக்கு, நிதி, பொறியியல் என்று குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஆக்குபேஷன் பெர்மிட். வேலை செய்யவும் தங்கவும் சேர்த்து ஒரே அனுமதி. எகனாமிக் டெவலப்மென்ட் போர்டு என்ற அரசு அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது, விண்ணப்பம் இணையத்தில்தான். முதலீட்டாளர், பணியாளர், சுயதொழில் செய்பவர் என இதில் மூன்று வகை உண்டு. 50 வயதைக் கடந்தவர்கள், குறிப்பிட்ட டாலர் தொகையை வெளிநாட்டிலிருந்து தவறாமல் அங்குள்ள வங்கிக்கு வரவழைப்பதாக இருந்தால், ஓய்வுபெற்றோருக்கான ரெசிடென்ஸ் பெர்மிட் கேட்கலாம். வேறு நாட்டு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு பிரீமியம் விசா என்று ஒன்று இருக்கிறது.

இவற்றில் எது உங்கள் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குடும்பம் வரலாமா, வேலை மாறலாமா, எத்தனை வருடம் இருக்கலாம் என்பதெல்லாம். ஆகவே வேலை தருகிறவரிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "என்ன பெர்மிட்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேக்குறாரு. குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்தான். ரசீது தர வேண்டியதும் அவர் கடமை. அவருடைய லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மின்ட் தெருவில் அலுவலகம் இருக்கிறது, பலகை இருக்கிறது, போன மாதம் நாலு பேர் போனார்கள் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. வட்டிக்கு வாங்கியும் நகையை அடகு வைத்தும் ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டுப் போகிறவர், அங்கே வேலை சரியில்லை என்றாலும் திரும்பி வர முடியாமல் தவிப்பார். அதனால்தான் இதில் நான் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

பத்தாவது முடிக்கல, பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். இருக்கு. தடுப்பாங்களா?

ஈ.சி.ஆர். என்பது, பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் "குடியேற்றச் சோதனை தேவை" என்ற குறிப்பு. அந்த பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்றத் துறை அனுமதி கேட்கும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவை உண்டு. மொரீஷியஸ் அதில் இல்லை. ஆனாலும் ஒர்க் பெர்மிட் நகலும் வேலை ஒப்பந்தமும் கைப்பையிலேயே இருக்கட்டும். மீனம்பாக்கத்தில் கேள்வி வந்தால் எடுத்துக் காட்டலாம்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். அங்க சர்நேம் கேக்குறாங்களே?

நம் ஊர்க்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கு. முருகன்", ஆதாரில் "முருகன் கு", பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, பட்டச் சான்றிதழில் "முருகன் குப்புசாமி". நமக்கு எல்லாம் ஒரே ஆள். அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இது நாலு ஆள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஏற்கனவே காலியாக இருந்தால் ரீ-இஷ்யூ விண்ணப்பத்தில் திருத்தலாம். சான்றிதழ்களில் உள்ள எல்லா வடிவமும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரி முன் அஃபிடவிட் ஒன்றும் எடுத்து வையுங்கள். விண்ணப்பம், வங்கி, வாடகை ஒப்பந்தம் எங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறதா, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். கடைசி வாரத்தில் இவற்றைத் திருத்த முடியாது.

வேற என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்?

காவல்துறை நன்னடத்தைச் சான்று: பாஸ்போர்ட் சேவா மூலமாகவே விண்ணப்பிக்கலாம். படிப்புச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அதன்பின், வெளிநாட்டில் அது செல்லுபடியாவதற்கு வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரை. அமைச்சகம் நியமித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்க முடியும். மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே, ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி ஆகியவை இருக்கும்.

திருமணச் சான்று விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். திருவொற்றியூர் கோயிலில் தாலி கட்டிய ரசீதோ, ராயபுரம் சர்ச்சில் கொடுத்த காகிதமோ மட்டும் போதாது. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்று வேண்டும். வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் சாலையில் இடதுபக்கம்தான்.

அங்க எல்லாரும் தமிழ்தானாமே? ரூபா நோட்டுலகூட தமிழ் இருக்குதாமே?

நோட்டில் இருக்கிறது. எழுத்து மட்டுமல்ல, தமிழ் எண்களும் உண்டு. 1998-இல் வெளியான புது நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசைப்படியே வெளியிட்டார்கள்.

ஆனால் தெருவில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். அலுவலகத்தில் ஆங்கிலம், பத்திரிகையில் பிரெஞ்சு. தமிழர்கள் சிறுபான்மையினர். கொத்தனார், தச்சர் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பாண்டிச்சேரிப் பக்கமிருந்து போனவர்களும், 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களும் அவர்களின் முன்னோர்கள். வீரப்பன், முத்துசாமி, பிள்ளை என்று குடும்பப் பெயர் இருக்கும், "வணக்கம்" சொல்வார்கள், அதற்குமேல் பேச்சு கிரியோலுக்குப் போய்விடும். "தமிழனா இருந்துட்டு தமிழ் தெரியலையே" என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஏழெட்டுத் தலைமுறையாக, பேச்சு கையைவிட்டுப் போன பிறகும், கோயிலையும் விரதத்தையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து, ரோஸ் நிற உடை உடுத்தி, காவடியில் பால் செம்பைக் கட்டிக்கொண்டு போவார்கள். கோர் தெ கார்ட் மலையடிவாரத்து முருகன் கோயிலில், நடு வெயிலில் படியேறி வந்தவர் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருக்கிறதா என்று மொத்தக் குடும்பமும் எட்டிப் பார்க்கும். அப்புறம் வாழை இலையில் ஏழு சைவக் கறியோடு சாப்பாடு. முதல் வருடமே அங்கே போய் நில்லுங்கள், சாப்பாடு பரிமாறக் கை கொடுங்கள். எனக்கு அந்த ஊரில் சொந்தம் மாதிரி ஆனவர்கள் எல்லாரும் கோயிலில் கிடைத்தவர்கள்தான்.

கிரியோல் கத்துக்க கஷ்டமா?

கஷ்டமில்லை. பிரெஞ்சுச் சொற்கள் நிறைய, இலக்கணம் எளிது. சந்தையில் காய்கறி வாங்கும்போதே பழகிவிடும். வேலைக்கு ஆங்கிலம் போதும்.

சம்பளத்துல மிச்சம் புடிக்க முடியுமா?

மொரீஷியஸ் ரூபாய் ஒன்று நம் ரூபாய் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஒப்பந்தத்தில் "ரூபாய்" என்று இருந்தால் எந்த ரூபாய் என்று பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து என்று பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன, விலையும் அதற்கேற்ப இருக்கும். வாடகைக்கு முன்பணமும் தரகும் உண்டு. ஆலை வேலைக்குப் போகிறவர்கள், தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பா என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். அது முதலாளி பொறுப்பானால் மிச்சம் பிடிக்கலாம். உங்கள் தலையில் விழுந்தால் கஷ்டம். டிசம்பரில் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அளவு போனஸ் உண்டு, வருட நடுவில் சேர்ந்திருந்தால் அதற்குத் தக்கபடி.

சாப்பாடு எப்படி? மிக்ஸி, கிரைண்டர் எடுத்துட்டுப் போலாமா அக்கா சொல்லு?

(இது தங்கை முறையில் ஒருத்தி என் மனைவியிடம் கேட்டது, பதில் இரண்டு பேருடையதும்.) மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட், அதனால் மிக்ஸி ஓடும். பிளக்தான் வேறு: மூன்று பட்டைக் கால் கொண்ட ஆங்கிலேய வகை, அல்லது ஐரோப்பிய வகை. இரண்டு அடாப்டர் போதும். டேபிள் டாப் கிரைண்டரை லக்கேஜ் எடை இடம் கொடுத்தால் தாராளமாக எடுத்துப் போங்கள், இட்லிக்கு ஏங்க வேண்டாம்.

முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் அங்கேயே விளைகின்றன. செடி, விதை, பச்சைக் காய்கறி எதையும் அனுமதியில்லாமல் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கருவாட்டுக்கும் மிருகப் பொருள் விதிகள் உண்டு என்பதால் காசிமேட்டு மூட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாம்பார்ப் பொடி, மிளகாய்த்தூள் போன்றவை கடையில் வாங்கிய சீல் போட்ட பாக்கெட்டாக இருக்கட்டும்.

தாலிச் சங்கிலி, வளையல் என்று நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போது நம் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது அதற்கு வரி கேட்க மாட்டார்கள்.

நம்ம ஊர் மாதிரி புயல் வருமா?

வரும். ஆனால் காலம் தலைகீழ். பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், புயல் காலமும் அதுவே. ஜூன், ஜூலையில் கியூர்பிப் போன்ற மேட்டு ஊர்களில் ஸ்வெட்டர் வேண்டும்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது எச்சரிக்கை முறை. வகுப்பு ஒன்று முதல் நான்கு வரை. ஒன்று அறிவித்ததுமே தண்ணீர், மெழுகுவர்த்தி, டின் மீன் வாங்கக் கடையில் கூட்டம் சேரும். மூன்று என்றால் பேருந்து, கடை, அலுவலகம் எல்லாம் அடங்கி, ஜன்னலை இழுத்துச் சாத்தி எல்லாரும் வீட்டுக்குள். நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வந்துவிட்டது. 1960-இல் கரோல் புயல் மர வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு மக்கள் கான்கிரீட் வீடுகளுக்கு மாறினார்கள். அதனால் வாடகைக்குப் பார்க்கும்போது தகரக் கூரை வீட்டைத் தவிருங்கள், பள்ளத்தில் உள்ள தெருவையும் தவிருங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருவில் கார்கள் மிதந்தன. மிக்ஜாமில் வியாசர்பாடியில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை.

பொண்டாட்டி, புள்ளைங்கள கூட்டிட்டுப் போலாமா?

மேலே சொன்ன பெர்மிட் வகையைப் பாருங்கள். ஆக்குபேஷன் பெர்மிட் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்குச் சார்ந்தோர் என்ற வகையில் ரெசிடென்ஸ் பெர்மிட் கேட்கலாம். ஆலை, கட்டட வேலைக்கான ஒர்க் பெர்மிட் என்றால் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே முடிவெடுங்கள்.

பள்ளியில் பாடமொழி ஆங்கிலம், பிரெஞ்சு கட்டாயம், மேல்வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம். சின்னக் குழந்தைகள் ஆறே மாதத்தில் பிரெஞ்சு பேசும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையை நடுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உடம்பு சரியில்லன்னா? ஸ்டான்லி மாதிரி ஓசி ஆஸ்பத்திரி இருக்கா?

அரசு மருத்துவமனைகள் உண்டு, குடிமக்களுக்கு இலவசம். வெளிநாட்டவர் அதை நம்பிப் போகக் கூடாது; மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டே போங்கள், கம்பெனி தருகிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி மாத்திரையோடு வையுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை விஷயத்தில் அந்த நாடு மிகவும் கண்டிப்பு. சீட்டு இல்லாமல் ஒன்றுகூட எடுக்காதீர்கள். "இந்தப் பார்சலைக் கொடுத்துடுங்க" என்று யார் தந்தாலும் வாங்கக் கூடாது, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

இங்க இருக்குற பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, போன் நம்பர் எல்லாம்?

வேலைக்காக வெளிநாடு போனால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது; வெளிநாட்டில் வசிப்பவர் இங்குள்ள வருமானத்துக்கு வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. வருமான வரிக்கு, அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தீர்களா என்ற கணக்கு முக்கியம். அக்டோபரிலோ அதற்குப் பிறகோ புறப்பட்டால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இங்கு வசிப்பவராகவே கருதப்படுவீர்கள்.

இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள். எல்லா ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். புறப்படும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி, வீட்டில் ஒருவரை ரீசார்ஜ் பொறுப்பு எடுக்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் வீட்டில் இல்லாதவர் பெயரை நீக்குவதுதான் முறை. பான் இருக்கட்டும். அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்து அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டா? வேலை புடிக்கலன்னா மாறிக்கலாமா?

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பெர்மிட் வேலைக்காக ஓரிரு நாள் கொடுக்கலாம், பூட்டி வைக்க யாருக்கும் உரிமையில்லை. திருப்பித் தரவில்லை என்றால் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலும் போர்ட் லூயியில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் புகார் கொடுங்கள். எல்லாக் காகிதத்தின் படமும் உங்கள் போனிலும், இங்கே வீட்டில் ஒருவரின் போனிலும் இருக்க வேண்டும்.

வேலை மாறுவது சுலபமில்லை. ஒர்க் பெர்மிட், பணியாளருக்கான ஆக்குபேஷன் பெர்மிட் இரண்டுமே அந்த முதலாளியோடு கட்டப்பட்டவை. வேலை போனால் பெர்மிட்டும் போகும், புது முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அடுத்த பெர்மிட் கைக்கு வருமா என்று உறுதி செய்யுங்கள்.

ரிட்டயர்மென்ட் பணத்துல பீச் ஓரமா ஒரு வீடு வாங்கிப் போட்டா சிட்டிசன் ஆயிடலாமா?

ஆக முடியாது. வெளிநாட்டவர் நினைத்த இடத்தில் வீடு வாங்க முடியாது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வெளிநாட்டவருக்கென்று ஒதுக்கிய குடியிருப்புத் திட்டங்களில் வாங்கலாம். அவற்றில் 3,75,000 டாலருக்குக் குறையாமல் வாங்கினால் ரெசிடென்ஸ் பெர்மிட் கிடைக்கும். நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். பி.எஃப். பணத்தில் அது நடக்காது. வாடகைக்கு இருந்து, மேலே சொன்ன ஓய்வுபெற்றோர் பெர்மிட்டைப் பார்ப்பதே நல்லது. குடியுரிமை தனிப் பாதை. அப்படி வாங்கினாலும் இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை.

எங்க தாத்தாவோட அண்ணன் அந்தக் காலத்துலயே மொரீஷியஸ் போயிட்டாரு. எனக்கு ஏதாச்சும் உரிமை உண்டா?

சட்டப்படி உரிமை இல்லை. ஆனால் தேடிப் பார்க்கலாம். ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல், இறங்கிய வருடம் என்று இருக்கும், பிற்காலத்தவர் சிலருக்குப் புகைப்படமும் உண்டு. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஊர்ப் பெயரையும் ஏறக்குறைய வருடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் வந்திறங்கிய படித்துறை, ஆப்ரவாசி காட், போர்ட் லூயியில் இருக்கிறது. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அம்மா ராயபுரத்துல தனியா இருக்காங்க. அவங்கள விட்டுட்டுப் போறது சரியா?

இதற்கு நான் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. போவதென்றால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து நேரடி விமானம் சில காலம் இருக்கும், சில காலம் நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் மும்பை வழியாகப் போய்ச் சேர ஒரு நாள் பிடித்துவிடும். அவசரத்துக்குத் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வையுங்கள், அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். அம்மாவின் வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரையும் சேருங்கள். மருத்துவமனைக்கு இரவில் கூட்டிப் போகக்கூடியவர் யார் என்று பெயரோடு முடிவு செய்து, அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது.

அம்மா சுற்றுலா அனுமதியில் வந்து சில வாரம் உங்களோடு இருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூப்பிடுங்கள், இங்கே வெயில் காய்கிற நேரத்தில் அங்கே குளிர்ச்சி, புயலும் இல்லை. அவர்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஆக்குபேஷன் பெர்மிட் உள்ளவர்கள், பெற்றோரையும் சார்ந்தோராகச் சேர்க்கலாமா என்று விண்ணப்பிக்கும்போதே எகனாமிக் டெவலப்மென்ட் போர்டில் கேளுங்கள்.